ஆதாரமுள்ள அச்சம்

"உலகத்தில் பொய் என்ற ஒன்று இனிமேல் கிடையாது" என்று சென்னியப்பன் அறிவித்தபோது காலை பத்தரை மணி. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. முகத்தை அசைக்காமல் பேசுவதில் அவன் கெட்டிக்காரன். அதனாலேயே பாதிப் பேர் அவனை அறிவாளி என்று நம்பினார்கள். மீதிப் பாதியில் அவனும் ஒருவன்.

மேற்குமலைப் பல்கலைக்கழகத்தின் கோடைப் படிப்பு அது. 'புலம்பெயர்வும் அகதிக் கொள்கையும்' என்று பெயர். காலையில் இரண்டு வகுப்பு, நடுவில் தேநீரும் போண்டாவும், மத்தியானம் கலந்துரையாடல், கடைசியில் சான்றிதழ். கடல் கீழ்க்கரையை விழுங்கி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. அங்கிருந்து தப்பி மேட்டு மண்டலத்தின் வாசலில் வந்து நிற்பவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள, மேட்டு மண்டலத்துப் பிள்ளைகள் தங்கள் கோடை விடுமுறையைத் தியாகம் செய்திருந்தார்கள். தியாகத்துக்கு மதிப்பெண் உண்டு.

மேஜைமேல் அச்சமானி இருந்தது. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவிக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கும். கழுத்துக்கு ஒரு பட்டை, மணிக்கட்டுக்கு ஒரு பட்டை, நூறு வரை கோடு போட்ட முகப்பு, ஒரு சிவப்பு ஊசி.

"சட்டம் என்ன கேட்குது?" என்றார் பேராசிரியர் அகிலாண்டம். "வந்தவங்களுக்கு 'ஆதாரமுள்ள அச்சம்' இருக்கான்னு கேட்குது. முன்னாடி அந்த ஆதாரத்தைக் காகிதத்துல தேடினோம். வீடே கடலுக்குள்ள போனவங்ககிட்டக் காகிதம் எங்கிருக்கும்? அதனால இப்ப அச்சத்தையே அளந்துடறோம். பட்டையைக் கட்டிக்கிட்டுத் தன் கதையைச் சொல்லணும். சொல்லும்போது உடம்பு நிஜமா நடுங்குதான்னு இது பார்க்கும். எழுபதைத் தாண்டினா உள்ளே. இல்லேன்னா வந்த இடத்துக்கே படகு."

"நடிச்சுட்டாங்கன்னா மேடம்?" என்று கேட்டாள் நஸ்ரின். திருப்பூர்க்காரி. யார் எதைச் சொன்னாலும் துணியின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவள்.

"முகம் நடிக்கும்மா. சுரப்பி நடிக்காது."

இந்த இடத்தில்தான் சென்னியப்பன் எழுந்து பொய்யை ஒழித்தான். நீதிபதி, சாட்சி, வக்கீல், கையூட்டு எல்லாவற்றையும் அதே மூச்சில் ஒழித்தான்.

"வக்கீலே வேண்டாம்னா நீ எதுக்குடா சட்டம் படிக்கறே?" என்றாள் நஸ்ரின்.

"கடைசி வக்கீல்னு ஒருத்தன் வேணுமல்லோ?"

அகிலாண்டம் அதைக் குறித்துக்கொண்டார். களப்பணிக்கு இருவரையும் ஒரே ஜோடியாகப் போட்டார்.

முகாம் ஒரு பழைய பஞ்சாலை. முதல்முறை பேருந்தில் போய் இறங்கியபோது எல்லோருக்கும் தொப்பி, தண்ணீர் பாட்டில், கேள்வித்தாள் தரப்பட்டது. சாயப்பட்டறைப் பக்கம் ஏதோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் துணி இல்லை. ஓர் ஆளைத் தூணோடு கட்டி இன்னோர் ஆள் நனைந்த வடத்தால் அடித்துக்கொண்டிருந்தான். அடிபட்டவனின் முதுகுத்தோல் பட்டை பட்டையாக உரிந்திருந்தது. காதிலிருந்து ரத்தம் வழிந்து தாடையில் சொட்டியது. அடிப்பவன் அழுதுகொண்டே அடித்தான். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. பார்த்தவுடனே அண்ணன் தம்பி என்று தெரிந்தது.

கட்டப்பட்டவன் விரலால் தூணைத் தட்டினான். அண்ணன் உடனே வடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தான், முகத்தைத் துடைத்துவிட்டான். பிறகு மறுபடி வடத்தை எடுத்தான்.

"ஒண்ணுமில்லீங்க, நாளைக்கு விசாரணை" என்றார் முகாம் மேற்பார்வையாளர், மாணவர்களை வழி மறைக்காமல் ஒதுக்கிவிட்டபடி. "சூடேத்தறாங்க."

"சூடேத்தறதுன்னா?"

"கதை ஆறிப் போயிருதுங்க. போலீசுக்கு ஒருக்கா, டாக்டருக்கு ஒருக்கா, பேப்பர்காரங்களுக்கு ஒருக்கான்னு சொல்லிச் சொல்லிப் பயம் தேஞ்சு போயிருது. அதனால சொந்தக்காரங்களே அடிச்சு, தண்ணியில அமுக்கி, பழைய பயத்தைத் திரும்பக் கொண்டு வர்றது. தட்டினா நிறுத்தீரணும், அதுதான் பேச்சு."

"இதையெல்லாம் தடுக்கறதில்லையா நீங்க?" என்றாள் நஸ்ரின்.

"காயத்தை அளக்க நமக்கு மெஷின் குடுக்கலீங்களே."

திரும்பும் வழியில் பேருந்தின் நடுவில் சென்னியப்பன் கம்பியைக் கட்டிப்பிடித்து நின்று முதுகைக் காட்டினான். "ஏனுங்ணா, சித்தெ இடது பக்கமாப் போடுங்க. வலது பக்கம் நேத்தே பயந்துருச்சு." பேருந்து குலுங்கியது. ஓட்டுநர்கூடச் சிரித்தார். பிறகு சென்னியப்பன் வழக்கமான முகத்தை மாட்டிக்கொண்டு தீர்ப்பு சொன்னான்: "நெசமான பயத்துக்கு அடுப்பு எதுக்கு மாப்ள? தட்டினா விட்டுருவான்னு தெரிஞ்ச அடிக்கு எவன் பயப்படுவான்? இதெல்லாம் ஒரு நாடகக் கம்பெனி. இப்படி ஒரு ஆளைச் சூடேத்தறவன் மனுசனே இல்ல, சொல்லிட்டேன்."

அவன் சொன்னதில் பாதி சரி. தூணில் கட்டப்பட்டவனுக்கு மறுநாள் ஊசி அறுபத்திரண்டில் நின்றுவிட்டது. உடைந்த விலாவோடு படகேறினான்.

சென்னியப்பனுக்கும் நஸ்ரினுக்கும் கிடைத்த மனுதாரர் அமிர்தவல்லி. நாற்பது வயது இருக்கும். கீழ்க்கரையில் கடல் விட்டுவைத்த ஒரு மணல்திட்டில் இருந்து வந்தவள். அந்தத் திட்டைச் சிவலோகம் என்பவனும் அவன் ஆட்களும் பிடித்து வைத்திருந்தார்கள். விழுகிற மழைத்தண்ணீரில் பாதி அவனுக்கு. அமிர்தவல்லியின் கணவன் தர மறுத்தான்.

"துடுப்பால மண்டையில போட்டானுவ தம்பி" என்றாள் முதல் நாள். சொல்லும்போது உதடு கோணியது. "ஒரே போடு இல்ல. மூள தெரியிற வரைக்கும் போட்டானுவ. என்னயத் தண்ணியில முக்கி முக்கி எடுத்தானுவ. கையில ஒரு தூண்டிமுள்ளு கெடச்சிச்சு. சிவலோகம் கண்ணுல ஏத்திட்டேன். ஏத்திட்டு, எம் பொண்ணத் தூக்கி ட்ரம்முல போட்டுத் தள்ளிக்கிட்டே நீஞ்சிட்டேன். ஒத்தக் கண்ணோட உக்காந்திருக்கான் அவன். நான் திரும்பி வந்தா மொத நாளு கையி, ரெண்டாவது நாளு காலுன்னு சொல்லி வச்சிருக்கானாம்."

பொண்ணு இசைவாணி ஏற்கனவே உள்ளே போயிருந்தாள். விசாரணையில் வாயைத் திறந்ததும் ஊசி தொண்ணூற்றிரண்டைத் தொட்டதாம். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் விடுதியில் இருந்தாள். சாயங்காலம் வந்து விரலை வலைக்குள் விட்டு அம்மாவின் விரலைப் பிடித்துக்கொள்வாள்.

"நல்லா பயப்புடுவா" என்றாள் அமிர்தவல்லி பெருமையாக. "நாந்தான் சின்னதுலேருந்து எம் மனச இறுக்கிட்டேன்."

பயிற்சிக்குக் கொடுத்திருந்த அச்சமானியில் அன்று அவளுக்கு அறுபத்து நாலு. சென்னியப்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஆறு பாயின்ட்டுதானே? கோச்சிங்ல வாங்கிரலாம்!"

மேட்டு மண்டலத்துப் பிள்ளைகளுக்கு உலகத்தில் எல்லாக் கஷ்டத்துக்கும் ஒரே மருந்துதான் தெரியும்: திரும்பத் திரும்ப ஒப்பிப்பது. அவன் அப்படித்தான் எல்லா நுழைவுத் தேர்விலும் தேறினான். தினமும் போய் அமிர்தவல்லியை உட்காரவைத்துக் கதையை முதலிலிருந்து சொல்லவைத்தான். இடையில் திருத்தினான். "துடுப்பு ஒடஞ்சது முன்னாடியா, மண்டை ஒடஞ்சது முன்னாடியா? ஒழுங்கா வரிசையாச் சொல்லுங்க." "அந்தத் தூண்டிமுள் எடத்துல சித்தெ நிறுத்துங்க, கேக்கறவங்களுக்கு நல்லா இருக்கும்." அவளும் நல்ல மாணவி. வார முடிவில் கதை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஒரு சொல் பிசகாமல், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். மூளை தெரிந்த இடத்தில் ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

ஊசி ஐம்பத்தொன்றுக்கு வந்தது. பிறகு நாற்பது. பிறகு முப்பத்து மூன்று.

"டேய்" என்றாள் நஸ்ரின். "நீ சொல்ல வெக்க வெக்க எறங்குதுடா. நீயே ஆற வெச்சுட்டே."

சென்னியப்பன் கருவியைத் தட்டிப் பார்த்தான். பேட்டரி மாற்றிப் பார்த்தான்.

"மெஷினு நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றாள் அமிர்தவல்லி. "போன வருசமும் ஒங்க படிப்புப் பிள்ளைங்க வந்துச்சுங்க. தங்கமான பிள்ளைங்க. எல்லாத்தையும் பதிவு பண்ணிக்கிட்டு, பிஸ்கட்டு குடுத்துட்டுப் போச்சுங்க. அதுக்கு முன்னாடி எனக்குத் தொண்ணூறு இருந்திச்சு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குச் சூடேத்தி வுட ஆளு இல்ல. தம்பி ஒருத்தன் முகாமுல இருக்கான். அவன் முக்கிப் பாத்தான். ஒடம்புக்குத் தெரியிது, இவன் வுட்ருவான்னு. தண்ணிக்குள்ளயே சிரிப்பு வந்திருச்சு." சென்னியப்பனை நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்கள எனக்குத் தெரியாது பாருங்க. நீங்க செஞ்சா ஏறும்."

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அது மோசடிங்க. அதுவுமில்லாம அது மனுசன் செய்யற காரியமில்ல. நான் வாதாடியே உங்களை உள்ளே கொண்டு வர்றேன், பார்த்துட்டே இருங்க."

அமிர்தவல்லி தலையாட்டினாள். சின்னப் பிள்ளை விமானம் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால் ஆட்டுகிற மாதிரி.

விசாரணை பஞ்சாலையின் பழைய மேலாளர் அறையில் நடந்தது. சென்னியப்பன் உண்மையிலேயே நன்றாகப் பேசினான். அச்சம் தேயும் பொருள் என்றான். கத்தியை மறந்துவிட்டதால் கழுத்து தப்பிவிடாது என்றான். ஒரு பெண்ணின் துணிச்சலையே அவளுக்கு எதிரான சாட்சியாக்குவது என்ன நியாயம் என்று கேட்டுவிட்டு, தானே அசந்துபோய் ஒரு கணம் நிறுத்தினான்.

விசாரணைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அருமையாப் பேசறீங்க தம்பி. எனக்கே கண் கலங்குது. ஆனா நான் என்ன பண்ண, ஊசிக்குக் காது இல்லையே."

ஊசி இருபத்தொன்பதில் இருந்தது.

"சாப்பாட்டுக்கு அப்புறம் கடைசியா ஒரு தடவை அளக்கலாம். அதோட முடிச்சுக்கலாம்."

வெளியே வந்தபோது வேலியோரம் ஒரே கூச்சல். காலையில் மறுக்கப்பட்ட இளைஞன் ஒருவன் வேலியில் ஏறியிருந்தான். காவலர்கள் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார்கள். முள்கம்பியில் அவன் உள்ளங்கைச் சதை தொங்கியது. ஒருவன் அவன் தொடைமேல் ஏறி உட்கார, இன்னொருவன் லத்தியால் முழங்காலில் ஓங்கி அடித்தான். பச்சை மட்டை ஒடிகிற சத்தம். மறுபடி அடித்தான். கத்தல் நின்று ஒரு மாதிரி விக்கல் வந்தது. தலைமுடியைப் பிடித்துத் தரையோடு இழுத்துப்போய்ப் படகுத்துறைப் பேருந்தில் எறிந்தார்கள்.

அமிர்தவல்லி கையைக் கண்ணுக்கு மேல் வைத்து அதைப் பார்த்தாள்.

"முட்டி போயிருச்சு. பாவம், படகுல காலை மடக்கி ஒக்கார முடியாது" என்றாள். குரலில் ஓர் அலைகூட இல்லை. பிறகு, "எனக்கும் அதே படகுதான். இசைவாணிகிட்ட நான் ஒறங்குனப்ப ஏத்திட்டாங்கன்னு சொல்லிருங்க. இல்லாட்டி கம்பியில ஏறுவா."

சென்னியப்பன் பேருந்தைப் பார்த்தான். அதன் படிக்கட்டில் ஒற்றைச் செருப்பு கிடந்தது.

"வாங்க" என்றான்.

சாயப்பட்டறைக்குப் பின்னால் இடுப்புயரச் சிமெண்ட் தொட்டி. மழைத்தண்ணீர், மேலே பாசி. அமிர்தவல்லிக்குப் புரிந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லேசாகச் சிரித்தாள். "தட்டுனா வுட்ருங்க தம்பி."

அவன் கொண்டையைப் பிடித்து அவள் தலையைத் தண்ணீருக்குள் அழுத்தினான்.

முதலில் அவள் ஒத்துழைத்தாள், பல்மருத்துவரிடம் வாயைத் திறப்பது போல. பிறகு அவன் கையைத் தட்டினாள். அவன் விடவில்லை. மறுபடி தட்டினாள். விடவில்லை. அப்போதுதான் அந்த உடம்புக்கு ஏதோ புரிந்தது. ஒரு பெரிய மீன் மாதிரி துள்ளியது. முழங்கை பின்னால் வீசி அவன் மூக்கில் பட்டு ரத்தம் தெறித்தது. அவன் தன் முழு எடையையும் அவள் பிடரியில் போட்டான். முகம் தொட்டியின் விளிம்பில் மோதி ஒரு பல் உடைந்தது. பாசி சிவந்தது.

"விடுடா! தட்டறாங்கடா!" நஸ்ரின் இரும்பு வாளியை எடுத்து அவன் முதுகில் அடித்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஓங்கி அடித்தாள். தோளில் எங்கோ எலும்பு நெரிந்தது.

அரை மூச்சுக்கு மட்டும் தலையைத் தூக்கினான். அமிர்தவல்லி அவன் உள்ளங்கையைக் கடித்துச் சதையை எடுத்தாள். அவன் அவள் காதோரம் குனிந்து பேசினான். கேலி துளியும் இல்லாத குரல். அது அவனுக்கே புதிது.

"நீ செத்தா எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ யாருன்னே இந்த ஊர்ல எவனுக்கும் தெரியாது. ஒரு மணி நேரத்துல என்னைய சாப்பிடக் கூப்பிடுவாங்க, நான் போய்ச் சாப்பிடுவேன்."

இது பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. மறுபடி அழுத்தினான்.

உடம்பு தளர்ந்தபோது தூக்கி மண்ணில் போட்டான். அவள் தண்ணீரும் ரத்தமும் கக்கினாள். மூச்சு வந்ததும், எழுந்து நிற்காமல், கையாலும் முட்டியாலும் அவனிடமிருந்து விலகி விலகிச் சுவர் முதுகில் இடிக்கும்வரை போனாள். அதற்குப் பிறகு அவனைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

கடைசி அளவுக்கு உட்கார்ந்தபோது அவள் தலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. விசாரணைத் தலைவர் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி காகிதத்தைப் புரட்டினார். சென்னியப்பன் பின்னால், அவள் பார்வையில் படாமல், உள்ளங்கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அமிர்தவல்லி தொடங்கினாள். துடுப்பு. மண்டை. மூளை. உடைந்த பல்லில் காற்று போனது தவிர, ஒரு சொல் பிசகவில்லை. ஊசி முப்பது. முப்பத்தொன்று. மணல்திட்டின் கதை ஆறியது ஆறியதுதான். எத்தனை தண்ணீரில் முக்கினாலும் சிவலோகம் இனி ஒரு பாடம் மட்டும்தான்.

நஸ்ரின் முகத்தை மூடிக்கொண்டாள்.

அமிர்தவல்லிக்குத் தொண்டை கட்டி இருமல் வந்தது. மேஜையில் இருந்த தண்ணீர்த் தம்ளரை எடுத்துக்கொண்டு சென்னியப்பன் எழுந்து போய் அவளுக்கு முன்னால் நீட்டினான்.

ஊசி துள்ளியது. ஐம்பத்தெட்டு. எழுபத்தாறு. எண்பத்தொன்பது.

அவன் ஊசியைப் பார்த்தான். தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, போகாமல், அங்கேயே நின்றான். அவள் பற்கள் அடித்துக்கொண்டன. கதையை முடிக்கும்வரை நின்றான்.

"சட்டப்படி ஒரு கேள்வி கேக்கணும்" என்றார் தலைவர். "யாரைக் கண்டு உங்களுக்குப் பயம்?"

அமிர்தவல்லி நிமிர்ந்து சென்னியப்பனின் கண்ணைப் பார்த்தாள்.

"சிவலோகத்தக் கண்டு" என்றாள்.

தொண்ணூற்று மூன்று.

"ஆதாரமுள்ள அச்சம்" என்று தலைவர் உரக்கச் சொல்லி முத்திரை குத்தினார். "அனுமதிக்கலாம். பாருங்க தம்பி, பேச்செல்லாம் வீண். கருவி எவ்வளவு நேர்மையா இருக்கு!"

வாசலில் இசைவாணி ஓடிவந்து சென்னியப்பனின் காலைத் தொடக் குனிந்தாள். அமிர்தவல்லி மகளின் பின்னலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். பெண் அம்மாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவரும் கேட்டுக்கு அந்தப் பக்கம் போனார்கள். அமிர்தவல்லி நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினாள்.

சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்தான். நஸ்ரின் எதிரே வந்து நின்றாள். அவன் கையில் ஊறிய ரத்தத்தைப் பார்த்தாள், கேட்டுக்கு அப்பால் கட்டிப்பிடித்து நின்ற இருவரைப் பார்த்தாள். பேருந்தில் போய் ஏறிக்கொண்டாள்.

பெஞ்சின் மறுகோடியில் ஒரு நடுவயதுக்காரர் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கழுத்தில் விசாரணை வில்லை. அவர் நகர்ந்து நகர்ந்து சென்னியப்பன் அருகில் வந்தார்.

"அந்த அம்மாவுக்கு நீங்கதான் செஞ்சு வுட்டீங்கன்னு பேசிக்கிறாங்க." "எங்க வீட்டம்மாவுக்கு நாப்பத்தஞ்சுலயே நிக்கிது. நான் அடிச்சா என்னயப் பாத்து அழுவுறா, பயப்பட மாட்டேங்குறா. முப்பது வருசமாச்சு கட்டிக்கிட்டு. அடுத்த அழைப்பு அவளுக்குத்தான். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும் தம்பி."

பேருந்து ஒலி எழுப்பியது. கோடைப் படிப்புப் பிள்ளைகள் ஏறி முடித்திருந்தார்கள். ஜன்னல் வழியே ஒருவன், "டேய் கடைசி வக்கீலு, வாடா!" என்று கத்தினான்.

சென்னியப்பன் அந்த அம்மாளைப் பார்த்தான். நனைந்த சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றி மடித்துவிட்டுக்கொண்டான்.

"அவங்களுக்கு நீச்சல் தெரியுங்களா?" என்று கேட்டான்.